வங்கப் பிரிவினை அகதிகளும் திரைப்படங்களும்

1947-ஆம் ஆண்டு இந்தியா பிரிக்கப்பட்டதையொட்டிக் கிழக்கு வங்கத்திலிருந்து மேற்கு வங்கத்திற்கு இடம்பெயர்ந்த மக்களின் வாழ்வை வங்காளத் திரைப்படங்கள் சில பதிவு செய்துள்ளன. இவற்றுள் நேமாய் கோஷ் இயக்கிய சின்னமூல் (1950), ரித்விக் கட்டக் இயக்கிய மேகே டாக்கா தாரா (1960), கோமல் காந்தார் (1961), சுபர்ணரேகா (1965) ஆகிய நான்கும் முதன்மையானவை. பல லட்சம் குடும்பங்களைப் புரட்டிப்போட்ட ஒரு நிகழ்வைப் பற்றி அக்காலத்தில் வந்த படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. வந்தவற்றிலும் ஒன்றைத் தவிர மற்றவை ஓடவில்லை. ஆயினும் அரசு அறிக்கைகளில் காணக் கிடைக்காத சில செய்திகளுக்கு இப்படங்களே சான்றாக நிற்கின்றன. அகதிக் குடும்பம் யாருடைய உழைப்பில் நிமிர்ந்தது, அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார், அகதிகள் தமக்குள்ளேயே யாருக்கு இடம் மறுத்தார்கள் என்பன அவற்றுட் சில.

பள்ளிப் பாடநூல்களில் வங்கப் பிரிவினை என்றால் அது பெரும்பாலும் கர்சன் பிரபு 1905-இல் செய்ததையே குறிக்கும். அது 1911-இல் திரும்பப் பெறப்பட்டது. இக்கட்டுரை பேசுவது திரும்பப் பெறப்படாத 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையை.

வரலாற்றுப் பின்னணி

எல்லைக்கோட்டை வகுத்த சர் சிரில் ராட்கிளிஃபின் தீர்ப்பு, விடுதலை கிடைத்து இரண்டு நாள் கழித்து, 1947 ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியிடப்பட்டது. அதனால் விடுதலை நாளன்று தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே எல்லை மாவட்டத்து மக்கள் பலருக்குத் தெரியாது. முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பாகிஸ்தான் கொடி ஏற்றப்பட்டது. சில நாளில் அம்மாவட்டம் இந்தியாவுக்கு வந்தது. குல்னாவில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. அது பாகிஸ்தானுக்குப் போனது.

பஞ்சாபில் நடந்ததற்கும் வங்கத்தில் நடந்ததற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பஞ்சாபில் பெரும் படுகொலைகளுக்கு நடுவே, சில மாதங்களுக்குள், இருபுறத்து மக்களும் ஏறத்தாழ முழுமையாக இடம் மாறினர். வங்கத்தில் இடப்பெயர்வு அலை அலையாக வந்தது. 1946 அக்டோபரில் நவகாளிக் கலவரத்தின்போதே சிலர் புறப்பட்டனர். 1947, 1948 ஆண்டுகளில் வசதியுள்ளவர்களும் படித்தவர்களும் வந்தனர். 1950-ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் உழவர்களும் கைவினைஞர்களும் பெருந்திரளாக வந்தனர். 1952 அக்டோபரில் இரு நாடுகளுக்கும் இடையே கடவுச்சீட்டு முறை நடைமுறைக்கு வரப்போகிறது என்றதும் இன்னொரு அலை. 1964 கலவரத்தின்போது மற்றொன்று. 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் இருந்த அகதிகள் ஏறத்தாழ 21 லட்சம் பேர்.

இவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்றே மத்திய அரசு நெடுநாள் நம்பியது. 1950 ஏப்ரலில் கையெழுத்தான நேரு–லியாகத் அலி ஒப்பந்தமும் அந்த நம்பிக்கையின் மீது எழுந்ததே. மேற்கே பஞ்சாபிலிருந்து வந்தவர்களுக்கு, எல்லை கடந்து போனவர்கள் விட்டுச்சென்ற நிலத்தையும் வீட்டையும் பகிர்ந்தளித்து ஈடு செய்தார்கள். வங்க அகதிகளுக்கு அந்த ஏற்பாடு கிடைக்கவில்லை. தற்காலிக நிவாரணமே கிடைத்தது. எனவே கல்கத்தாவின் சியால்தா ரயில் நிலைய நடைமேடைகளில் குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. 1949 இறுதியிலிருந்து அகதிகள் தாங்களே கூட்டமாகச் சேர்ந்து, நகரின் தெற்கே யாதவ்பூர் பகுதியிலும் பிற இடங்களிலும் கிடந்த நிலங்களில் இரவோடு இரவாக மூங்கில் தட்டிக் குடிசைகளை எழுப்பினர். 1951-க்கு முன் எழுந்தவையாக அரசு பின்னாளில் கணக்கில் கொண்ட இத்தகைய குடியிருப்புகள் மட்டும் 149. நில உடைமையாளர்கள் அடியாட்களை அனுப்பினர். அரசு வெளியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. குடியிருப்பு மக்கள் சங்கமாகத் திரண்டு இரண்டையும் எதிர்த்தனர்.

வங்காளத்தில் அகதியைக் குறிக்கப் பெருவழக்காக உள்ள சொல் உத்வாஸ்து என்பது. உச்சரிப்பில் அது 'உத்பாஸ்து' என ஒலிக்கும். வாஸ்து என்றால் மனையடி, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடம். தமிழ்நாட்டில் வீடு கட்டும்போது பார்க்கும் வாஸ்து இதே சொல்தான். மனையிலிருந்து பிடுங்கப்பட்டவர் என்பது பொருள்.

சின்னமூல்

இப்படத்தின் பெயரைத் தமிழ் வாசகர்கள் 'சின்ன' என்ற தமிழ்ச் சொல்லோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. சின்னாபின்னம் என்று சொல்கிறோமே, அதிலுள்ள 'சின்ன' இது. வெட்டுண்டது என்று பொருள். மூல் என்பது வேர். வேரறுந்தோர் என்று பெயரைத் தமிழாக்கலாம். இந்தியப் பிரிவினையை நேரடியாகக் கையாண்ட முதல் இந்தியத் திரைப்படமாக இது கருதப்படுகிறது.

ஸ்வர்ணகமல் பட்டாச்சார்யாவின் கதையைத் தழுவியது படம். கிழக்கு வங்கச் சிற்றூர் ஒன்றில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழ்கிறார்கள். பிரிவினை வருகிறது. பீதி பரவுகிறது. நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கக் காத்திருப்பவர்கள் அந்தப் பீதியை ஊதிவிடுகிறார்கள். ஊரார் மூட்டை முடிச்சுகளுடன் கல்கத்தாவுக்கு ரயில் ஏறி, சியால்தா நடைமேடையில் வந்து விழுகிறார்கள்.

கதை எளியது. எடுத்த முறைதான் புதியது. அக்காலத்தில் திரைப்படம் என்றாலே ஸ்டுடியோ, திரைச்சீலை, ஒப்பனை, பாட்டு. நேமாய் கோஷ் படப்பிடிப்புக் கருவியை மறைத்து வைத்துச் சியால்தா நிலையத்திலேயே காட்சிகளை எடுத்தார். நாடக நடிகர்கள் சிலரோடு உண்மையான அகதிகளையே நடிக்க வைத்தார். பேச்சும் கல்கத்தாவின் நாகரிகப் பேச்சாக இல்லாமல் கிழக்கு வங்க வட்டார வழக்காக இருந்தது. படத்தில் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஒரு மூதாட்டி தூணைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. அதில் நடித்தவரும் அப்படி ஒரு வீட்டை விட்டு வந்தவரே. சில மாதங்களுக்கு முன் தனக்கு நேர்ந்ததை அவர் மறுபடி ஒருமுறை செய்து காட்டியிருக்கிறார். பிற்காலத்து ஆவணப்படங்களில் கூட இத்தகைய காட்சி அரிது. இந்தப் படத்தில் நடித்தும், உதவி இயக்குநராகப் பணியாற்றியும் திரைத்தொழிலைக் கற்றுக்கொண்ட இளைஞர்களுள் ஒருவர் ரித்விக் கட்டக்.

அப்போது கல்கத்தாவுக்கு வந்திருந்த சோவியத் இயக்குநர் புதோவ்கின் படத்தைப் பார்த்துப் பாராட்டினார். அதன் பயனாகப் படம் சோவியத் நாட்டில் திரையிடப்பட்டது. உள்ளூரில் அது ஓடவில்லை. தானே அகதியாக வந்தவர், அல்லது அகதிகளைத் தினமும் ரயிலடியில் தாண்டிப் போகிறவர், காசு கொடுத்து அதையே திரையில் பார்க்க வராததில் வியப்பில்லை.

நேமாய் கோஷ் 1947-இல் கல்கத்தா திரைப்படக் கழகத்தைச் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா ஆகியோருடன் சேர்ந்து தொடங்கியவர்களுள் ஒருவர். இவரையும், ராயின் படப்பிடிப்புகளை ஆண்டுக்கணக்கில் நிழற்படம் எடுத்த இன்னொரு நேமாய் கோஷையும் ஒருவரே என்று கொள்வது இணையத்தில் அடிக்கடி காணும் பிழை. சின்னமூலுக்குப் பின் கல்கத்தாவில் வாய்ப்புக் கிடைக்காத இவர், 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராக வாழ்க்கையைத் தொடர்ந்தார். அவர் தமிழில் இயக்கிய பாதை தெரியுது பார் 1960-இல் வெளிவந்தது. தொழிலாளர் வாழ்வைப் பற்றிய படம் அது. எம். பி. சீனிவாசன் இசையமைத்தார், ஜெயகாந்தன் அதற்குப் பாடல் எழுதினார். தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. எம். பி. சீனிவாசனும் நேமாய் கோஷும் சேர்ந்து தென்னிந்தியத் திரைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைப்பதில் முன்னின்றனர். வேரறுந்தோரைப் படமெடுத்தவர் பிழைப்புத் தேடி மொழி தெரியாத ஊருக்கு வந்து, அங்கே வேரூன்றினார்.

ரித்விக் கட்டக்

ரித்விக் கட்டக் 1925 நவம்பர் 4 அன்று டாக்காவில் பிறந்தார். தந்தை அரசு அதிகாரி. பத்மா ஆற்றங்கரையிலுள்ள ராஜ்ஷாஹி நகரில் இளமை கழிந்தது. குடும்பம் பிரிவினைக்கு முன்பே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. ஆகவே அவர் நடைமேடையில் படுத்த அகதி அல்லர். ஆனால் திரும்பிப் போக ஊர் உண்டு என்ற நிலை 1947-இல் முடிந்துபோனது. இந்திய மக்கள் நாடக மன்றத்தில் நடிகராகவும் நாடக ஆசிரியராகவும் இருந்த காலத்தில், அகதிகளைப் பற்றி அவர் தலீல் என்ற நாடகத்தை எழுதினார். 1955-இல் பொதுவுடைமைக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1960 முதல் 1962 வரையிலான மூன்று ஆண்டுகளில் எடுத்து முடித்த மூன்று படங்களே பிரிவினை முப்படங்கள் என்று இன்று வழங்கப்படுகின்றன. கதையால் அவை தொடர்ச்சியானவை அல்ல. இந்த மூன்றிலும் கலவரக் காட்சியோ எல்லை கடக்கும் காட்சியோ கிடையாது. எல்லாம் நடந்து முடிந்து பத்தாண்டு ஆனபின், குடியேறிய இடத்தில் என்ன நடக்கிறது என்பதே அவற்றின் பொருள்.

மேகே டாக்கா தாரா

மேகம் மறைத்த விண்மீன் என்பது பெயரின் பொருள். சக்திபத ராஜ்குருவின் நாவலைத் தழுவிய இப்படம் 1960 ஏப்ரலில் வெளியாயிற்று. கட்டக்கின் படங்களில் வசூலிலும் வென்றது இது ஒன்றே.

கல்கத்தாவின் புறநகர் அகதிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் குடும்பத்தின் மூத்த மகள் நீதா. சுப்ரியா சௌத்ரி அப்பாத்திரத்தில் நடித்தார். தந்தை பள்ளி ஆசிரியர். ஆங்கிலக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே இருப்பவர். அண்ணன் சங்கர் பாடகனாகும் கனவில் வேலைக்குப் போகாமல் இருக்கிறான். அடுத்து ஒரு தங்கை, ஒரு தம்பி. நீதா படித்துக்கொண்டே பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறாள். மாதச் சம்பளம் வந்த நாளில் தங்கைக்குப் புடவை, தம்பிக்குக் கால்பந்துக் காலணி, அண்ணனுக்குக் கைச்செலவு. அவளுடைய செருப்பின் வார் அறுந்திருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

தந்தை விபத்தில் சிக்கி வீட்டோடு முடங்குகிறார். நீதா மேற்படிப்பை விட்டு வேலைக்குப் போகிறாள். அவளை மணக்க இருந்த சனத், காத்திருக்கப் பொறுமையின்றித் தங்கை கீதாவை மணக்கிறான். அதைத் தாய் தடுப்பதில்லை. சனத்தை நீதா மணந்துகொண்டால் அடுப்பு எரியாது என்று தாய்க்குத் தெரியும். தாயைக் கொடுமைக்காரியாகக் காட்டிவிட்டுப் போவது எளிது. கட்டக் அப்படிச் செய்யவில்லை. சனத்தும் நீதாவும் பேசும்போது அடுக்களையில் சட்டியில் ஏதோ பொரியும் ஓசை அளவுக்கு மீறி உயர்கிறது. தாயின் முகம் தெரிகிறது. அவள் மகளை வெறுப்பவள் அல்லள். நாளைக்கு அரிசி வேண்டும் என்று கணக்குப் போடுகிறவள்.

நீதாவுக்குக் காசநோய் வருகிறது. நோயை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். வீட்டில் தெரிந்த அன்று தந்தை விரலை நீட்டி, குற்றம் சாட்டுகிறேன் என்று ஆங்கிலத்தில் கத்துகிறார். யாரை என்று கேட்டதும் கை தாழ்கிறது. யாரையும் இல்லை என்கிறார். ஓர் ஆசிரியரின் வாயில் இந்தக் காட்சியை வைத்தது பொருத்தமானது. காரணத்தை விளக்கிச் சொல்வதே தொழிலாகக் கொண்டவரால் தம் வீட்டில் நடந்ததற்குக் காரணம் சொல்ல முடியவில்லை. குடும்பத்தில் எவரும் கொடியவர் அல்லர். எல்லாருடைய தேவையும் நியாயமானது. அத்தனை நியாயமும் ஒரே பெண்ணின் தோளில் இறங்கியதுதான் நடந்தது.

பம்பாயில் புகழ்பெற்ற பாடகனாகித் திரும்பிய அண்ணன், ஷில்லாங் மலையிலுள்ள காசநோய் மருத்துவமனையில் தங்கையைப் பார்க்கிறான். கீதாவின் குழந்தை வளர்வதைப் பற்றிச் சொல்கிறான். அதுவரை எதையும் கேட்காத நீதா, தான் வாழ விரும்பியதாக அண்ணனைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள். குரல் மலை முழுவதும் சுற்றி எதிரொலிக்கிறது. அண்ணன் குடியிருப்புக்குத் திரும்பியபின், தெருவில் வேறொரு இளம்பெண் நடந்து போகிறாள். அவள் செருப்பின் வார் அறுகிறது. அவள் கூச்சத்துடன் சிரித்துவிட்டு நடக்கிறாள்.

படம் முழுவதும் உமா என்ற பெயரும் தாயின் அழைப்பும் நாட்டுப்பாடலாக ஒலிக்கின்றன. வங்கத்தில் துர்கா பூசை என்பது மகள் உமா புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்து, சில நாள் தங்கித் திரும்பிப் போவதாகக் கொண்டாடப்படுவது. நீதா ஜகத்தாத்ரி பூசை நாளில் பிறந்தவள். உலகைத் தாங்குகிறவள் என்பது அத்தெய்வப் பெயரின் பொருள். இதை அறியாமல் படத்தைப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு சோகக் குடும்பக் கதையாக மட்டுமே தெரியும். அறிந்தவர்களுக்கு, திரும்பிப் போகப் பிறந்த வீடே இல்லாமல் போன ஒரு மகளின் கதை.

கோமல் காந்தார்

இம்மூன்றில் துயரம் குறைந்த படம் இது. நாடகக் குழு இரண்டாகப் பிளந்து கிடப்பதையும், அதன் நடுவே பிருகு, அனசூயா என்ற இருவர் நெருங்கி வருவதையும் சொல்கிறது. கட்டக் தம்முடைய நாடக மன்ற அனுபவத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது வெளிப்படை. அதனால் பழைய தோழர்கள் பலருக்குக் கோபம். படம் படுதோல்வி அடைந்தது.

ஒரு காட்சிக்காக இதைத் தனியே குறிப்பிட வேண்டும். குழு முர்ஷிதாபாத் மாவட்டத்து லால்கோலாவுக்கு வருகிறது. சியால்தாவிலிருந்து வரும் ரயில்பாதை அங்கே பத்மா ஆற்றங்கரையில் முடிகிறது. பிரிவினைக்கு முன் பயணிகள் அங்கிருந்து ஆற்றைக் கடந்து மறுகரையில் பயணத்தைத் தொடர்வார்கள். இப்போது மறுகரை வேறு நாடு. அந்தக் கரையில்தான் தன் ஊர் இருக்கிறது, இனி அங்கே போக முடியாது என்று பிருகு சொல்கிறான். பிறகு, தண்டவாளத்தின் மேல் கருவி வேகமெடுத்து ஓடுகிறது. படகோட்டிகள் ஆபத்தில் இறைவனைக் கூவி அழைக்கும் குரல் கூட்டாக எழுகிறது. தண்டவாளத்தின் முடிவிலுள்ள தடுப்பில் மோதித் திரை இருண்டுவிடுகிறது. கட்டக் வளர்ந்த ராஜ்ஷாஹி மாவட்டம் அந்த மறுகரையில்தான் உள்ளது.

சுபர்ணரேகா

சுபர்ணரேகா இன்றைய ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா வழியே ஓடும் ஆறு. பெயருக்குப் பொற்கோடு என்று பொருள். 1962-இல் முடிந்த படம் 1965-இல்தான் திரைக்கு வந்தது. வரலாற்றை அறிய விரும்புவோருக்கு மூன்றில் மிகவும் பயன்படுவது இதுவே.

தொடக்கத்தில், புதுவாழ்வு என்று பொருள்படும் நவஜீவன் என்ற பெயருடைய அகதிக் குடியிருப்பில் ஹரப்பிரசாத் என்ற ஆசிரியரும் ஈஸ்வரும் சேர்ந்து பள்ளிக்கூடம் தொடங்குகிறார்கள். அந்நேரம் கௌசல்யா என்ற ஏழைப்பெண் தன் மகன் அபிராமுடன் இடம் கேட்டு வருகிறாள். எந்த மாவட்டம் என்று கேட்கிறார்கள். டாக்கா என்கிறாள். இது பாப்னாக்காரர்களுக்கான இடம் என்று மறுக்கிறார்கள். அவள் தாழ்த்தப்பட்ட பாக்தி சாதியைச் சேர்ந்தவள் என்பதும் தெரிகிறது. நேற்றுவரை வீடில்லாதிருந்தவர்கள் இன்று வந்தவளைத் துரத்துகிறார்கள். சற்று நேரத்தில் நிலக்கிழாரின் ஆட்கள் வந்து அவளை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். தாயைப் பிரிந்த அபிராமை ஈஸ்வர் தன் தங்கை சீதாவுடன் சேர்த்து வளர்க்கிறான்.

ஈஸ்வருக்குப் பழைய நண்பர் ஒருவரின் ஆலையில், ஆற்றங்கரையில், வேலை கிடைக்கிறது. குடியிருப்பை விட்டுத் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போகிறான் என்று ஹரப்பிரசாத் அவனைக் கோழை என்கிறார். சீதாவும் அபிராமும் இரண்டாம் உலகப்போரில் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் விளையாடி வளர்கிறார்கள். அங்கே ஒருநாள் காளி வேடமிட்ட பகல் வேடக்காரர் ஒருவர் திடீரெனச் சீதாவின் எதிரே நிற்கும் காட்சி, பார்த்தவர்கள் மறக்காதது. பல ஆண்டுகளுக்குப் பின், ரயில் நிலையத்தில் இறந்துகொண்டிருக்கும் பெண்ணைத் தன் தாய் என்று அபிராம் அடையாளம் காண்கிறான். அவனுடைய சாதி ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. மேலாளர் பதவியும் கூட்டாளி உரிமையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஈஸ்வர் தயங்கவில்லை. சீதாவுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிறான். இருவரும் கல்கத்தாவுக்கு ஓடிப்போகிறார்கள்.

அதன் பின் வருபவை கொடியவை. பேருந்து ஓட்டுநரான அபிராம் ஒரு விபத்தைத் தொடர்ந்து கூட்டத்தால் அடித்துக் கொல்லப்படுகிறான். பிழைக்க வழியற்ற சீதா, பாட்டுக் கேட்க வரும் ஆண்களுக்குப் பாடச் சம்மதிக்கிறாள். முதல்நாள் குடிபோதையில் கண்ணாடியும் இல்லாமல் வந்து நிற்பவன் அண்ணன் ஈஸ்வர். அவள் அரிவாள்மணையால் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். இத்தகைய தற்செயல்கள் நம்பத்தக்கவை அல்ல என்று அன்றைய விமர்சகர்கள் பலர் குறை கூறினர். குறை முழுதும் தவறன்று. ஆனால் வந்தவன் யாருடைய அண்ணனாகவும் இருக்கக்கூடும் என்பதையே அக்காட்சி சொல்ல முயல்கிறது. கிழக்கிலிருந்து வந்தவர்களை மட்டுமல்லாமல் வேரிழந்த எல்லாரையுமே அகதி என்ற சொல்லால் தாம் குறித்ததாகக் கட்டக் இப்படத்தைப் பற்றி விளக்கியிருக்கிறார்.

ஆசிரியர்களும் வேலைக்குப் போன பெண்களும்

இப்படங்களில் பள்ளி ஆசிரியர் பாத்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. நீதாவின் தந்தை, ஹரப்பிரசாத் ஆகிய இருவராகவும் நடித்தவர் நாடக ஆசிரியர் பிஜன் பட்டாச்சார்யா. சத்யஜித் ராயின் மகாநகர் (1963) படத்திலும், கிழக்கு வங்கத்துப் பூர்விகம் கொண்ட ஒரு குடும்பத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரான மாமனார் வருகிறார். பழைய மாணவர்களின் வாசலில் போய் நின்று மூக்குக் கண்ணாடிக்கும் கைச்செலவுக்கும் உதவி கேட்கிறார். இது தற்செயல் அன்று. நிலத்தை விட்டு வந்த படித்த குடும்பங்களிடம் எஞ்சியிருந்த ஒரே சொத்து படிப்புதான். அகதிக் குடியிருப்புகளில் குடிசைகளோடு கூடவே எழுந்தவை பள்ளிக்கூடங்கள். படிப்பை நம்பியவர் அந்தப் படிப்பாலேயே கைவிடப்படுவதை அந்த ஆசிரியர்களைக் கொண்டு இயக்குநர்கள் காட்டினார்கள்.

பெண்கள் செய்தி இன்னும் முக்கியமானது. கிழக்கு வங்கத்து நடுத்தரக் குடும்பங்களில் பெண்கள் சம்பளத்துக்கு வேலை செய்வது அதுவரை வழக்கமில்லை. அகதி வாழ்வு அதை மாற்றியது. ஆசிரியையாக, தட்டச்சராக, செவிலியாக, தொலைபேசி இணைப்பகத்தில், கடை கடையாக விற்பனையில் அவர்கள் இறங்கினார்கள். மகாநகரின் ஆரதி வீடு வீடாகப் பின்னல் இயந்திரம் விற்கப் போகிறாள். தன் சம்பளத்தைக் கையில் வாங்கியதும் கண்ணாடி முன் நின்று அதைப் பார்க்கிறாள். நீதாவுக்கு அந்த மகிழ்ச்சி வாய்க்கவில்லை. இரண்டும் அன்றைய உண்மைகளே. ஒரே மாற்றத்தை ராய் விடுதலையின் பக்கமிருந்தும் கட்டக் சுரண்டலின் பக்கமிருந்தும் பார்த்தனர்.

திரைக்கு வராதவர்கள்

இப்படங்களின் நாயகர்கள் பெரும்பாலும் உயர்சாதி நடுத்தர வகுப்பினர். சின்னமூல் உழவர்களைப் பற்றியதாயினும் அது ஒன்றுதான். 1950-க்குப் பின் வந்தவர்களில் பெரும்பகுதியினர் நமசூத்திரர் முதலிய தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழவர்களும் மீனவர்களும். கல்கத்தாவில் நிலம் பிடிக்க அவர்களுக்கு உறவும் இல்லை, செல்வாக்கும் இல்லை. அரசு முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 1958-இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தின் கீழ் ஒடிசா, மத்தியப் பிரதேசக் காட்டுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆறும் சேறும் நெல்லும் அறிந்தவர்களுக்குக் கல்லும் வறட்சியுமான நிலம் கொடுக்கப்பட்டது. அங்கிருந்து திரும்பிச் சுந்தரவனத்து மரிச்ஜாப்பித் தீவில் குடியேற முயன்றவர்களை 1979-இல் மேற்கு வங்க அரசு காவல்துறையைக் கொண்டு அகற்றியது, உயிர்கள் போயின. இந்த மக்களின் கதையை அக்காலத்து வங்காளத் திரை சொல்லவில்லை. கௌசல்யா திரையில் தோன்றும் சில நிமிடங்களே அவர்கள் உள்ளே வந்த இடம். அவளும் லாரியில் ஏற்றப்பட்டுச் சட்டகத்தை விட்டுப் போய்விடுகிறாள்.

அதேபோல, மேற்கு வங்கத்திலிருந்து கிழக்கே போன முஸ்லிம் குடும்பங்களும் இப்படங்களில் இல்லை. போவதா இருப்பதா என்று தவித்த இந்திய முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கதையை எம். எஸ். சத்யூவின் கரம் ஹவா (1973) சொன்னது. ஆனால் அது ஆக்ராவில் நடப்பது. உருது பேசும் குடும்பத்தின் கதை.

பிற்காலம்

கோமல் காந்தாரின் தோல்வியும் சுபர்ணரேகாவின் தாமதமும் கட்டக்கை முடக்கின. குடிப்பழக்கம் மிகுந்தது. 1960-களின் நடுவில் பூனா திரைப்படக் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியராகவும் துணை முதல்வராகவும் இருந்தார். அங்கே அவரிடம் படித்தவர்களுள் மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் உண்டு. மலையாளியான ஜான் ஆபிரகாம் 1977-இல் தமிழில் அக்ரஹாரத்தில் கழுதை படத்தை எடுத்தார்.

வங்கதேசம் உருவான பின், 1972-இல் கட்டக் டாக்காவுக்கு அழைக்கப்பட்டார். விமானம் பத்மாவைக் கடந்தபோது கீழே பார்த்துத் தாம் அழுததைப் பின்னர் அவரே சொல்லியிருக்கிறார். அங்கேயே தித்தாஸ் ஏக்டி நதிர் நாம் (1973) என்ற படத்தை எடுத்தார். மாலோ என்ற மீனவச் சமூகத்தைச் சேர்ந்த அத்வைத மல்லவர்மனின் நாவல் அது. ஆறு வற்றியதால் வாழ்விழந்த மீனவர்களைப் பற்றியது. இம்முறை அவர் படமெடுத்தது மறுகரையில் வாழ்ந்த அம்மக்களைப் பற்றியே.

கட்டக் 1976 பிப்ரவரி 6 அன்று, ஐம்பது வயதில், கல்கத்தாவில் காலமானார். 1952-இல் அவர் எடுத்து முடித்த முதல் படமான நாகரிக், வேலை தேடும் ஓர் இளைஞனின் குடும்பம் படிப்படியாகச் சேரிக்கு இறங்குவதைப் பற்றியது. ராயின் பதேர் பாஞ்சாலிக்கு மூன்று ஆண்டு முந்தியது. வெளியிட ஆளின்றிப் பெட்டியில் கிடந்த அப்படம், அவர் இறந்த மறு ஆண்டு, 1977-இல் திரையரங்குக்கு வந்தது.